சரக்கொன்றையும் ரங்கூன் மல்லியும்

புதிதாகக் கட்டிய வீட்டின் முன்புறத்துக்கு ஒரு செடி வாங்க நர்சரிக்குப் போனார்கள். தேவசகாயம் சரக்கொன்றைக் கன்றின் முன் நின்றுவிட்டார். அவர் மனைவி அமலோற்பவம் ரங்கூன் மல்லிக்கொடியைக் கையில் எடுத்திருந்தாள்.

"கொன்றை பூக்க எவ்வளவு நாளாகும்?" என்று கடைக்காரரிடம் கேட்டாள்.

"ஆறேழு வருஷம் ஆகும்மா. கொடின்னா இந்த வருஷமே பூத்துடும்."

அவள் கணவரைப் பார்த்தாள். ஆபரேஷனுக்குப் பிறகு சட்டை அவர் தோளில் தொங்கியது.

"கொடியே போதுங்க."

அவருக்குப் புரிந்தது. கல்யாணமான புதிதில் வாடகை வீட்டு மாடிவரை அவள் ஏற்றிவிட்ட ரங்கூன் மல்லி நினைவுக்கு வந்தது. அந்த மணத்துக்காகவே ஜன்னலைத் திறந்துவைத்துத் தூங்குவார்கள். சுவர் பாழாகிறதென்று வீட்டுக்காரர் அதை வெட்டிப்போட்ட பிறகு, எந்த வீட்டிலும் அவள் மண்ணில் எதையும் நட்டதில்லை.

"இது நம்ம வீடு அமலம். மரமே வைப்போம்."

"அது பூக்கிறப்ப..." என்றவள் முடிக்கவில்லை.

"பூக்கிறப்ப பாத்துக்கலாம்."

அன்றே கன்றை நட்டார்கள். மண்ணை அமுக்கிவிட்டு நிமிர்ந்தவர், "நிழல் எதுவரைக்கும் விழும்?" என்றார்.

அவள் உள்ளே போய் இரண்டு நாற்காலிகளைத் தூக்கிவந்து, முழங்கால் உயரக் கன்றுக்குப் பக்கத்தில், வெயிலில் போட்டாள்.