ரேடியோவுக்கு ஒரு பரீட்சை

அந்த அறைச் சுவரில் கடிகாரம் இருந்ததா, இல்லை, டிக் டிக்கென்று கேட்டதெல்லாம் தன் நெஞ்சுதானா என்பதில் அம்மாவுக்கு இன்றும் சந்தேகம்தான்.

மிட்டாய்க் கிண்ணம் இருந்தது. அது நிச்சயம். ஒரு கேள்விகூடக் கேட்பதற்கு முன்பே அதை மகளின் பக்கமாக நகர்த்தி வைத்திருந்தார்கள். சும்மா யாரும் மிட்டாய் கொடுப்பதில்லையே என்று அப்போதே உறுத்தியது.

மகளுக்கு வீட்டில் ரேடியோ என்று பெயர். கண் விழித்ததும் ஆரம்பித்தால் தூங்கும்வரை ஓயமாட்டாள். "சவுண்டைக் கொற தாயே" என்று அப்பா கையெடுத்துக் கும்பிடுவார். அதற்கும் ஒரு பதில் வைத்திருப்பாள்.

பள்ளிக்கூடத்திலோ வாயே திறப்பதில்லையாம். பிள்ளை மந்தமாக இருக்கலாம் என்றார் வகுப்பு டீச்சர். இந்த டெஸ்டில் தேறாவிட்டால் ஊர்க்கோடியில் மந்தமான பிள்ளைகளுக்கென்று இருக்கும் பள்ளிக்கு மாற்றிவிடுவார்கள். அங்கே போன பிள்ளை எதுவும் திரும்பி வந்ததாக அம்மா கேள்விப்பட்டதில்லை.

"எல்லாப் பிள்ளைங்களுக்கும் இதே கேள்விங்கதான்மா, ஓரவஞ்சனையே கிடையாது. நீங்க மட்டும் நடுவுல பேசக்கூடாது" என்றார் டெஸ்ட் எடுக்க வந்த மேடம்.

அம்மா மூலை நாற்காலியில் உட்கார்ந்தாள். சலவைக்கூடத்தில் நாளெல்லாம் விரிப்பு மடிக்கும் கை சும்மா இருக்கத் தெரியாமல் கைக்குட்டையை மடித்தது, பிரித்தது, மறுபடி மடித்தது.

மேடம் மூக்குக் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு மகளைப் பார்த்துச் சிரித்தார். பிள்ளையின் கூச்சம் போகட்டும் என்று நினைத்தாரோ என்னவோ, முதலில் பரீட்சையில் இல்லாத ஒன்றைக் கேட்டார்.

"உங்க வீட்டுல யார் யாரெல்லாம் இருக்கீங்க கண்ணு?"

அம்மா கைக்குட்டையைப் பாதி மடிப்பில் நிறுத்தினாள். இது எதற்கு இவருக்கு? பிள்ளைக்கு மூளை இருக்கிறதா என்று பார்க்க வந்தவருக்கு வீட்டில் யார் இருந்தால் என்ன? கேட்கச் சொல்லி அனுப்பியது யார்?

மகள் மேடத்தின் கண்ணாடியைப் பார்த்தாள். மிட்டாயைப் பார்த்தாள். திரும்பி அம்மாவைப் பார்த்தாள்.

"தெரியாது."

அம்மாவுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. என் சமத்து, என்று மனதுக்குள் கொஞ்சினாள்.

மேடம் ஸ்டாப்வாட்சை அழுத்திவிட்டு ஒரு படத்தை நீட்டினார். வாலில்லாத பூனை. இதில் என்ன இல்லை?

"தெரியாது."

சலவைக்கூடத்துப் பின்வாசலில் திரியும் பூனைகளில் எது எதற்குச் சித்தி என்பதுவரை உறவுமுறை சொல்பவள் அவள்.

ஒரு கையில் எத்தனை விரல்? தெரியாது. மழை வந்தால் எதை விரித்துப் பிடிப்போம்? தெரியாது.

ஒவ்வொரு தடவையும் குரல் கணீரென்று வந்தது. ஒவ்வொரு தடவையும் ஓரக்கண்ணால் அம்மாவைப் பார்த்துக்கொண்டாள். மேடமும் அதைக் கவனித்துவிட்டார். அவர் பேனா இப்போது பிள்ளையைப் பற்றி எழுதுகிறதா, தன்னைப் பற்றியா என்று அம்மாவுக்குப் புரியவில்லை.

பிள்ளை என்ன செய்கிறாள் என்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது.

சலவைக்கூடத்துக்கு மேலே அவர்கள் இருந்த அறை தாய்க்கும் மகளுக்கும் என்று கொடுத்தது. அந்த நாட்டில் தங்க அப்பாவுக்கு இருந்த பர்மிட் முடிந்து வெகுநாள் ஆகியிருந்தது. யார் வந்தாலும் அவர் திரைக்குப் பின்னால் போய் நின்றுகொள்வார்.

அதற்காகவே சாயங்காலங்களில் ஒரு விளையாட்டு. அப்பாவின் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, கையில் பிஸ்கட்டோடு அம்மா வெளியிலிருந்து கதவைத் தட்டுவாள். குரலை மாற்றிக் கேள்வி கேட்பாள். ஒரு கேள்விக்கு வாய் திறந்தால் எல்லாமே வெளியே வந்துவிடும். அதனால் பெயர் கேட்டாலும், பூனையைக் கேட்டாலும், வெளியாளுக்கு ஒரே பதில்தான்.

இதை மேடத்திடம் எப்படிச் சொல்வது?

பேசக்கூடாது என்றதை மறந்து அம்மா எழுந்தாள். மகளின் பக்கத்தில் மண்டியிட்டாள்.

"வெளையாட்டு முடிஞ்சுதுடி செல்லம். அம்மாதான் கேக்கறேன். பூனைக்கு என்ன இல்ல? சொல்லு."

மகளின் முகம் மலர்ந்தது. வாய் திறந்தது. மேடத்தின் பேனா நின்றது.

பிறகு, மெல்ல, ஒரு திருட்டுச் சிரிப்பு.

"தெரியாது."

வீட்டு விளையாட்டிலும் கடைசியில் அம்மா கண்ணாடியைக் கழற்றுவாள். மகளை மடியில் இழுத்துப் போட்டுக்கொண்டு, இதே வார்த்தைகளை, இதே குரலில்தான் சொல்வாள். அதை நம்பிப் பதில் சொன்னால் தோல்வி. ஆரம்பத்தில் பிள்ளை ஏமாந்து ஏமாந்து அழுதாள். அப்புறம் ஏமாறவே இல்லை.

மேடம் ஸ்டாப்வாட்சை நிறுத்திப் பையில் போட்டார்.

படியிறங்கும்போது மகள் அம்மாவின் விரலைப் பிடித்து ஆட்டினாள். "இந்தத் தடவ ரொம்ப கஷ்டமா வச்சிட்டியேம்மா. ஆனா நாந்தான் ஜெயிச்சேன், இல்ல?"

அம்மா ஆமென்று தலையாட்டினாள்.

அடுத்த ஆண்டே அப்பாவுக்குப் பர்மிட் கிடைத்தது. திரையைக் கழற்றித் துவைத்து ஜன்னலுக்கு மாட்டினார்கள். மேடம் வேறு ஊருக்கு மாற்றலாகிப் போனார். மகள் ஊர்க்கோடிப் பள்ளியிலேயே கடைசிவரை படித்தாள். அப்பா இன்னும் அவளை ரேடியோ என்றுதான் கூப்பிடுகிறார். இப்போது அம்மாவோடு அதே சலவைக்கூடத்தில் விரிப்பு மடிக்கிறாள்.