தங்கமீன் காவல்

ஆறுமுகநயினார் மேல்துண்டால் மூக்கைப் பொத்திக்கொண்டு, காவல்காரன் பலவேசத்தின் குடிசைக்குள் குனிந்து நுழைந்தார். அடுப்பிலிருந்த சட்டியின் மூடியைக் கைத்தடியால் தள்ளினார். குப்பென்று மீன் வாடை வந்தது.

“அகப்பட்டுக்கிட்டியாலே,” என்றார்.

“அது கருவாடு மொதலாளி. தென்காசிச் சந்தையில வாங்குனது.”

“எனக்கு எல்லாம் ஒரே நாத்தந்தான். அங்கன குளத்துல பாதி மீனைக் காணோம். இங்கன உன் சட்டியில மீன் கொதிக்கு. வேற என்னலே சாட்சி வேணும்?”

பலவேசத்துக்கு உச்சந்தலை வரை சூடேறியது. பிறந்தது முதல் பருப்பும் கத்தரிக்காயும் தவிர வேறு அறியாத சைவ மனுஷர். கருவாட்டுக்கும் தங்கமீனுக்கும் வித்தியாசம் தெரியாதவர், ஒருத்தனைத் திருடன் என்கிறார்.

அவன் அப்பன் காவல் காத்த தோப்பில் ஒரு மாங்காய் களவு போனதில்லை. அந்தப் பெயரை நம்பித்தான் நயினாரின் குற்றாலத்துப் பங்களாவில் இவனுக்கு வேலையே கிடைத்தது. அந்தப் பெயர் போய்விட்டால் இனி எவன் வாசலில் போய் நிற்பது?

நயினாருக்குத் தென்காசியில் அரிசி மில். மனைவி உலகம்மாள் ஆசைப்பட்டாள் என்று பட்டணத்திலிருந்து ரயிலில் பானைக்குள் வைத்துக் கொண்டுவந்து பங்களாக் குளத்தில் விட்ட தங்கமீன்கள் அவை. தங்கச்சியின் பிரசவத்துக்காக அவள் கீழப்பாவூர் போயிருந்த நேரம் பார்த்து, எங்கிருந்தோ ஒரு கொக்கு வந்து ஒரு மீனைத் தூக்கிவிட்டது. நயினார் பதறிப்போய்ப் பலவேசத்தைக் காவலுக்கு வைத்தார்.

“கவண் எடுக்கவா மொதலாளி?” என்று அன்றைக்கே கேட்டான் பலவேசம்.

“கல்லு குறி தவறி மீன் மேல பட்டா அவளுக்கு யாருலே பதில் சொல்ல? கையைத் தட்டி விரட்டு. அது போதும்.”

சொல்லிவிட்டு அவர் காலையில் ஒரு படி பொரியைத் தண்ணீரில் மொத்தமாக விசிறிவிட்டு மில்லுக்குப் போய்விடுவார். சாரலில் நனைகிறவன் பலவேசம்தான். கரையில் நின்று தட்டுவான். பங்களாவைச் சுற்றி ஒரு நடை போய்விட்டு வந்து மறுபடி தட்டுவான்.

கொக்கு முதலில் மலைப் பக்கம் பறந்தது. பிறகு மதில் வரைக்கும்தான் போனது. இப்போதெல்லாம் அந்த மதில்மேலேயே உட்கார்ந்துகொண்டு, இவன் எப்போது நகர்வான் என்று பார்க்கிறது. இவன் தலை மறைந்ததும் ஒரு மீன் போய்விடும். அதன் கழுத்தைத் திருகிப் போட வேண்டும் என்று இவன் பல்லைக் கடிப்பான்.

ஒரே ஆறுதல், மீன்கள் இவனை அடையாளம் கண்டுகொண்டதுதான். இவன் காவலுக்கு வந்து நின்றால் போதும், படித்துறை ஓரமாக வந்து கூடிவிடும். தலையில் அடித்துக்கொள்ள வேண்டிய இந்த வேலையில் அவனை இருக்க வைத்தது அந்தப் பாசம்தான்.

வெளியே மணிச்சத்தம் கேட்டது. வில்வண்டி வந்து நின்றது. நயினார் அவசரமாகக் குடிசையை விட்டு வெளியே வந்தார். சற்று முன் இருந்த மிடுக்கு அவரிடம் கொஞ்சம் குறைந்திருந்தது.

வண்டியை விட்டு இறங்கிய உலகம்மாள் வீட்டுக்குள் போகவில்லை. கையில் பொரிப் பொட்டலத்தோடு நேரே குளத்துக்குப் போனாள். தண்ணீரைப் பார்த்ததும் அவள் முகம் மாறியது.

“மிச்சமெல்லாம் எங்க?”

“இந்தா நிக்கானே, இவன் வயித்துக்குள்ள போச்சு,” என்றார் நயினார். “காவலுக்குன்னு வச்சேன். குழம்பு வச்சுத் தின்னுட்டான். ஏலே, இன்னைக்கே மூட்டையைக் கட்டு. இந்தச் சுத்துவட்டாரத்துல ஒருத்தனும் உனக்கு வேலை குடுக்காமப் பாத்துக்கிடுதேன்.”

முதலாளி என்கிற மரியாதையெல்லாம் பலவேசத்திடமிருந்து கழன்று போனது. இரண்டு உள்ளங்கைகளையும் அவர் முகத்துக்கு நேராக நீட்டினான். சிவந்து, வீங்கி, தோல் உரிந்து கிடந்தன.

“இது களவாண்ட கையா மொதலாளி? பெத்த பிள்ளையக்கூட நான் இப்பிடிப் பாத்துக்கிட்டதில்ல. மழைன்னும் பாக்கல, வெயிலுன்னும் பாக்கல, இந்தக் கரையே கதின்னு கெடந்தேன். ஒரு சட்டியை மோந்து பாத்துட்டுத் திருடன்னு சொல்லுதிய. ஆச்சி, நீங்களே வந்து பாருங்க.”

படித்துறையில் இறங்கினான். வந்த ஆத்திரத்தையெல்லாம் கையில் வைத்து ஓங்கி ஓங்கித் தட்டினான்.

மிச்சமிருந்த மீன்கள் நாலா பக்கத்திலிருந்தும் விரைந்து வந்தன. அவன் காலடியில் மேலே மிதந்து, வாயைத் திறந்து திறந்து மூடின.

“பாத்தியளா?” என்றான் பலவேசம். “காத்தவன் யாருன்னு அதுகளுக்குத் தெரியுது. உங்களுக்குத்தான் தெரியல.”

மதில்மேல் இருந்த கொக்கு கழுத்தை நீட்டி ஓர் அடி முன்னால் எடுத்து வைத்தது.

உலகம்மாள் கொக்கைப் பார்த்தாள். வாயைத் திறந்து காத்திருந்த மீன்களைப் பார்த்தாள். பொரிப் பொட்டலம் அவள் கையிலிருந்து நழுவிப் படியில் விழுந்தது.

“தட்டாதய்யா,” என்றாள். “நான் அதுகளைத் திங்கக் கூப்பிடுதது அப்படித்தான்.”