இன்னும் ஒருவர் வந்தால்

வந்திருந்தவர்கள்: தலைவர் நாச்சிமுத்து, பொருளாளர் அமுதவல்லி, உறுப்பினர்கள் ஜபருல்லா, செல்வநாயகி, செயலாளராகிய நான்.

சங்கக் கூட்டம் மூன்றுக்கு வராவிட்டால் எங்கள் தணிக்கையாளர் உரிமம் போய்விடும் என்பதால் வந்திருந்தோம். எங்கள் பெயரில் கணக்குப் பார்க்கும் தணிக்கை இயந்திரம் இந்த ஆண்டு செய்த பிழைக்காக, சட்டப்படி வந்தவர்களில் ஒருவரைத் தேர்ந்தெடுத்துச் சிறைக்கு அனுப்ப வேண்டும். அரை மணி நேரத்துக்குள் ஆறு பேர் சேராவிட்டால் கூட்டம் ஒத்திவைக்கப்படும். இன்னும் இரண்டு நிமிடம் இருந்தது.

“பயப்படாதீங்க சார், நம்ம சங்கத்துல எவன் நேரத்துக்கு வந்திருக்கான்?” என்றார் ஜபருல்லா. கடிகாரத்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

லிஃப்ட் திறந்து ஹேமலதா வந்தாள். போன வாரம்தான் கிளையில் சேர்ந்தவள்.

“உள்ள வராதீங்கம்மா, ஓடிருங்க!” என்று தலைவர் கத்தினார்.

“லேட்டானதுக்கு இப்படியா சார் விரட்டுவீங்க?” என்று சிரித்தபடி நுழைந்தாள்.

அவளுக்குப் பின்னால் கதவு மூடி, தானாகப் பூட்டிக்கொண்டது.