மணல்மீன் உரித்த சட்டை

பாலைவன ஓரத்துத் தூஸ் ஊரின் எல்லையில் மணற்காற்று ஓய்ந்த காலை. சூரிய மின்தகட்டில் படிந்த புழுதியை ரவ்தா தலைத்துணியின் நுனியால் துடைக்கிறாள். துடைத்த இடமெல்லாம் கீறல். வெயில் அதில் பட்டுப் பால் கலங்கினாற்போல் மங்குகிறது. மணலுக்குள் நீந்தும் மணல்மீன் என்ற பல்லியின் செதிலைப் பார்த்து, மூன்று வருஷம் பாடுபட்டு அவளும் கூட்டாளி ஹேதியும் உருவாக்கிய பூச்சுதான் தகட்டின் மேல் இருக்கிறது. நாளை அதை வாங்க ஆள் வருகிறது. "மணல் கீறாத தோலுன்னு ஊரெல்லாம் தம்பட்டம் அடிச்சேனே. இனி எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு நிப்பேன்?" என்கிறான் ஹேதி. ரவ்தா குனிகிறாள். தகட்டின் காலடியில் சருகு மாதிரி ஏதோ நடுங்குகிறது. எடுத்து வெளிச்சத்தில் பிடிக்கிறாள். மணல்மீன் உரித்த தோல். அதிலும் மெல்லிய கீறல்கள். "நாம பாத்ததெல்லாம் நாட்டுமருந்துக் கடையில காயப்போட்டு விக்கிற செத்த பல்லிண்ணே," என்கிறாள் மெதுவாக. "உசுரோட இருக்கிறது, கீறல் விழுந்த சட்டையக் கழட்டிப் போட்டுட்டுப் போயிடுது." ஹேதி அந்தத் தோலையே பார்க்கிறான். அவன் நகம் தானாகத் தகட்டின் ஓரத்துக்குப் போகிறது. பூச்சை உரிக்க ஒரு நுனி தேடி, நான்கு பக்கமும் மெல்ல நகர்கிறது. எங்கும் நுனி இல்லை.