லாஜிக் ஓட்டை

"அந்த ஒரு கேள்விய மட்டும் எடுத்துருங்க தம்பி. மத்ததெல்லாம் அப்படியே இருக்கட்டும்."

பாலசுந்தரம் இப்படிக் கேட்பது இது மூன்றாவது முறை. அறுபத்தைந்து வயது. இதற்காகவே அரியலூரிலிருந்து பஸ் ஏறிப் பெரம்பலூர் வந்திருந்தார். கொடுத்த டீயை அவர் தொடவே இல்லை.

அறிவரசனுக்கு எரிச்சலாக வந்தது. ஐந்து வருடமாக யூடியூபில் சினிமா விமர்சனம் செய்கிறான். யாருக்கும் ஜால்ரா போடாதவன் என்று பேர் எடுத்தவன்.

அவன் விமர்சித்திருந்த படம் அரியலூர்ப் பக்கம் நடந்த உண்மைக் கதை. மரத்தடியில் உட்கார்ந்து ஊராருக்கு மனு எழுதிக் கொடுத்த வேம்பு, ஒரு கட்சித் தலைவரின் சுண்ணாம்புக்கல் குவாரி மோசடியைப் பற்றி கலெக்டர் ஆபீசுக்கு மொட்டைக் கடுதாசி போட்டார். நான்காம் நாள் லாரி ஏற்றிக் கொன்றுவிட்டார்கள். சென்னைப் பத்திரிகைகள் படத்தைத் தலையில் தூக்கி வைத்துக் கொண்டாடின. அறிவரசன் மட்டும்தான் கேட்டான், பேர் போடாத கடுதாசியை எழுதியது வேம்புதான் என்று வில்லனுக்கு எப்படித் தெரிந்தது என்று. இவ்வளவு பெரிய லாஜிக் ஓட்டையை வைத்துக்கொண்டு உண்மைக் கதை என்கிறீர்களே என்று கிண்டலும் அடித்திருந்தான். வீடியோ பிய்த்துக்கொண்டு போனது.

படக் கம்பெனி அனுப்பிய ஆளா என்று கேட்டான். பாலசுந்தரம் தலையாட்டி மறுத்தார். வேம்புவின் மனைவி பாப்பாயி அவருக்கு அடுத்த தெருவாம். தியேட்டரே எழுந்து நின்று தன் புருஷனுக்குக் கைதட்டியதைப் பார்த்து, பதினைந்து வருடத்தில் முதல் தடவையாக அந்தம்மா நிம்மதியாக இருந்ததாம். அப்புறம் யாரோ அறிவரசனின் வீடியோவைக் காட்டிவிட்டார்கள்.

"இப்ப வாரவங்க போறவங்ககிட்டல்லாம் கேக்குது, யாரு காட்டிக் குடுத்தாங்கன்னு. சோறு எறங்கல அதுக்கு."

அறிவரசனுக்கு மனசு கஷ்டமாகத்தான் இருந்தது. ஆனாலும் உள்ளே இருந்த விமர்சகன் விட்டுக்கொடுக்கவில்லை.

"பாவமாத்தான் இருக்குங்கய்யா. ஆனா ஓட்டைய ஓட்டைன்னுதானே சொல்ல முடியும்? எப்படிக் கண்டுபிடிச்சிருப்பாங்கன்னு நீங்களே சொல்லுங்க. சரியா இருந்தா இப்பவே எடுத்துடறேன்."

பெரியவர் குரலைத் தாழ்த்தினார்.

"கையெழுத்து தெரியக் கூடாதுன்னு இடது கையாலதான் எழுதியிருந்தான். ஆனா மனு எழுதியே பழகுன கை பாருங்க. பேப்பர இடப்பக்கம் கால்வாசி மடிச்சு மார்ஜின் விட்டுட்டான். கடைசியில 'தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறேன்'னு வேற முடிச்சிருந்தான். மொட்டைக் கடுதாசியில யாரு தம்பி தாழ்மையெல்லாம் போடுவா?"

அறிவரசன் நிமிர்ந்து உட்கார்ந்தான். இது மட்டும் படத்தில் இருந்திருந்தால் ஐந்துக்கு ஐந்து கொடுத்திருப்பான். ஊருக்கெல்லாம் மனு எழுதிய பழக்கமே அந்த மனுஷனுக்கு எமனாகிவிட்டதே என்று நினைத்துக்கொண்டான். லேப்டாப்பை இழுத்து, வீடியோவில் அந்த இடத்தை வெட்டி எடுத்தான்.

"உங்ககிட்ட சொல்லிட்டுத்தான் அந்தக் கடுதாசிய எழுதினாருங்களா? அவ்வளவு நெருக்கமா?"

"இல்ல தம்பி. கலெக்டர் ஆபீஸ்ல அன்னைக்குத் தபால் பிரிச்சது நான்தான்," என்றார் பாலசுந்தரம். "தலைவருக்குப் போன் போட்டு, இது வேம்பு எழுதினதுன்னு சொன்னதும் நான்தான்."