கண்ணில் படும்படி

லாயிட்டின் வெள்ளை ஹெல்மெட் கண்ணில் பட்டதுமே, நெடுஞ்சாலையில் போன அத்தனை கார்களும் ஒரே நேரத்தில் யோக்கியமாகிவிட்டன. காற்றாகப் பறந்துவந்த ஒரு சிவப்புக் கார் பெட்டிப் பாம்பாக அடங்கி, ஓரமாக ஒதுங்கி, அவருக்கு வழிவிட்டது.

லாயிட் முகத்தைக் கடுகடுவென்று வைத்துக்கொண்டு இருபுறமும் பார்த்தார். காருக்குள் இருந்தவர்கள் அவரைக் கண்டதும் ஒருவர் பாக்கியில்லாமல் தலையைக் குனிந்துகொண்டார்கள். மடியில் குற்றம் இருந்தால் தலை குனியத்தான் செய்யும் என்று மனதுக்குள் சிரித்துக்கொண்டார்.

இத்தனைக்கும் அவர் போலீஸ்காரர் இல்லை. டேட்டன் நகரத்தில் தரைவிரிப்புக் கடை வைத்திருப்பவர்.

போன கோடையில் அவர் பாட்டுக்கு மோட்டார் சைக்கிளில் நேராகப் போய்க்கொண்டிருந்தபோது, எதிரே வந்த கார் குறுக்கே வெட்டித் திரும்பி அவரைத் தூக்கி எறிந்தது. ஓட்டி வந்த அம்மாள் கையைப் பிசைந்துகொண்டு ஓடிவந்து சொன்னது ஒன்றே ஒன்றுதான்: "ஐயோ, நான் உங்களைப் பார்க்கவே இல்லைங்க." முறிந்த தோள்பட்டை எலும்பு கூடுவதற்குள் கோடையே முடிந்துவிட்டது.

மோட்டார் சைக்கிள்காரர்கள் கூடும் காபிக் கடையில் விசாரித்தால், எல்லார் உடம்பிலும் ஒரு தழும்பு, எல்லார் காதிலும் அதே வசனம். காரில் போகிறவர்களுக்குக் கைப்பேசி தெரிகிறது, மடியில் வைத்த பர்கர் தெரிகிறது. எதிரே வருகிற மனிதன் மட்டும் தெரிவதில்லை.

லாயிட்டும் சும்மா இருக்கவில்லை. பளீரென்ற மஞ்சள் மேலங்கி வாங்கினார், பட்டப்பகலில் விளக்கெரித்துக்கொண்டு போனார். ஒன்றும் பலிக்கவில்லை. காரோட்டி வந்த ஒருத்தி கண்ணாடியைப் பார்த்து மை தீட்டிக்கொண்டே அவரைச் சாலையோரப் புல்லுக்கு அனுப்பிவைத்தாள்.

கால்சட்டையில் புல் கறையோடு வீட்டுக்கு வந்தவரை, மனைவி நார்மா ஏற இறங்கப் பார்த்தாள். அவள் சத்தம் போடவில்லை. சத்தம் போட்டிருந்தால்கூடப் பரவாயில்லை.

"இங்க பாரு லாயிட், இன்னொரு தடவை ஒரு கார் உன்மேல உரசினாப் போதும், உன் மோட்டார் சைக்கிள் கதை அன்னிக்கே முடிஞ்சுது. வண்டியை நானே வித்துடுவேன். கல்யாண மோதிரத்தைக் கழட்டி வெச்சுட்டு உக்கார எனக்கு ஆசையில்ல."

லாயிட்டுக்கு வாரமெல்லாம் கடைக்குள் கம்பள வாடை. ஞாயிற்றுக்கிழமை இரண்டு சக்கரத்தில் காற்று வாங்குவது ஒன்றுதான் அவர் வாழ்க்கையில் வாழ்க்கை.

அப்போதுதான் பக்கத்து ஊரில் போலீஸ் கழித்துப்போட்ட மோட்டார் சைக்கிள் ஏலத்துக்கு வந்தது. எழுத்தையும் சின்னத்தையும் சுரண்டிவிட்டுத்தான் கொடுத்தார்கள். வெள்ளை நிறத்தைச் சுரண்டவில்லை. பழைய வண்டியைத் தள்ளிவிட்டு அதை எடுத்த கையோடு, ஒரு வெள்ளை ஹெல்மெட்டும் கறுப்புக் கண்ணாடியும் வாங்கிக்கொண்டார்.

காபிக் கடை நண்பர் கஸ் பயமுறுத்திப் பார்த்தார். போலீஸ் வேஷம் போட்டதாகச் சொல்லி உள்ளே தள்ளிவிடுவார்கள் என்றார்.

"இதுல எங்கயாவது போலீஸ்னு எழுதியிருக்கா?" என்றார் லாயிட். "அவங்களா நினைச்சுக்கிட்டா அதுக்கு நான் என்னப்பா பண்றது?"

அன்று பிடித்தது ராஜயோகம். நிற்காத இடத்தில் எல்லாம் கார்கள் நின்றன. கைப்பேசிகள் காலடியில் விழுந்தன. சீட் பெல்ட்டை அறியாத இடுப்புகள் பெல்ட்டுக்குள் நுழைந்தன. ஒரு ஞாயிற்றுக்கிழமை நார்மாவே பின்னால் உட்கார்ந்து வந்து பார்த்துவிட்டு, பரவாயில்லையே, எல்லாரும் உன்னைப் பார்க்கத்தான் செய்கிறார்கள் என்று ஒப்புக்கொண்டாள்.

லாயிட்டுக்குத் தலைகால் புரியவில்லை. காபிக் கடையில் புதிதாகச் சேர்கிறவர்களுக்கெல்லாம் உபதேசம் செய்ய ஆரம்பித்தார். "மனுஷன் கண்ணுல படணும். பட்டுட்டா ஒரு பய உன்னை இடிக்க மாட்டான்."

இன்றும் அந்த நினைப்போடுதான் நெடுஞ்சாலையை விட்டு இறங்கி, சிவப்பு விளக்கில் காலை ஊன்றி நின்றார். பின்னால் ஒரு சாம்பல் நிறக் கார் வருவது கண்ணாடியில் தெரிந்தது. ஓட்டியவர் டை கட்டிய நடுவயதுக்காரர். அவர் பார்வை நேராகத் தன் ஹெல்மெட்டில் வந்து விழுந்ததை லாயிட் கவனித்தார். இனி என்ன கவலை என்று விளக்கு பச்சையாவதைப் பார்க்கத் திரும்பினார்.

டமால் என்று ஒரு சத்தம். அடுத்த கணம் அவர் புல்லில் கிடந்தார். வெள்ளை வண்டியின் பின்சக்கரம் அப்பளமாக நொறுங்கிக் கிடந்தது.

எலும்பு ஒன்றும் முறியவில்லை. ஆனால் நார்மாவின் முகம் கண்முன் வந்ததும், முறிந்திருந்தால்கூடத் தேவலை என்று தோன்றியது. அழுகையும் ஆத்திரமும் ஒன்றாக முட்டிக்கொண்டு வந்தன.

டை கட்டியவர் காரைவிட்டு இறங்கி, இரண்டு கைகளையும் தலைக்குமேல் தூக்கிக்கொண்டு நடுநடுங்கி நின்றார்.

"ஏன்யா," என்றார் லாயிட், குரல் உடைய. "இவ்வளவு பெரிய வெள்ளை வண்டி, மஞ்சள் அங்கி, வெள்ளை ஹெல்மெட். உன் கண்ணுக்கு நான் தெரியவே இல்லையா?"

"நல்லாத் தெரிஞ்சுது ஆபீசர். தெரிஞ்சதாலதான், எவ்வளவு வேகத்துல வர்றேன்னு குனிஞ்சு மீட்டரைப் பார்த்தேன்."