மூடிக் கிடந்த மடிக்கணினி

எவ்லின் பெரிய திரை முழுக்க வந்து உட்கார்ந்தாள்.

முன்பல் விழுந்திருந்தது. நெற்றியில் புதிதாக ஒரு காயத் தழும்பு. போன வாரம்வரை கைப்பேசியில் பார்த்ததில் இதெல்லாம் சாஜனுக்குத் தெரியவே இல்லை. அதனால்தான் இன்று அலுவலக வேலை பார்க்கிற பெரிய திரையில் அவளை வரவழைத்தான். அந்தத் திரையோடு இணைத்திருந்த மடிக்கணினி ஓரத்தில் எப்போதும்போல மூடிக் கிடந்தது.

"மோளே, இத்தனை நாள் பப்பா உன்கிட்ட சரியாப் பேசவே இல்ல. தப்பு என்மேலதான்."

பல நாள் கண்ணாடி முன் நின்று பழகியது. தடுமாறாமல் சொல்லிவிட்டான்.

எவ்லின் பதில் சொல்லவில்லை. அவள் கண்கள் எதையோ தேடின.

கோபமாகத்தான் இருக்கும் என்று நினைத்தான். சனிக்கிழமை சாயங்காலம் மட்டும்தான் அவர்களுக்கு. அதிலும் போன முறை மீட்டிங் என்று பாதியில் போய்விட்டான்.

மறுபடியும் சொன்னான். இந்த முறை மெதுவாக. கிறிஸ்துமஸுக்குத் தொடுபுழாவுக்கே வருவதாகவும், அவளோடு படகில் போகப் போவதாகவும் சொன்னான்.

எவ்லின் உதட்டைக் கடித்துக்கொண்டாள். திரையை ஒருமுறை விரலால் தட்டிப் பார்த்தாள். எழுந்து போய்விட்டாள்.

காலி நாற்காலியைப் பார்த்துக்கொண்டே அவன் இன்னும் ஒருமுறை சொன்னான்.

எவ்லினின் அம்மா ஷைனி ஈரக் கையைத் துடைத்துக்கொண்டே திரைக்குள் வந்து குனிந்தாள்.

"சாஜா, இருக்கியா இல்லையா? ஒரு சத்தமும் காணோம், கேமராவும் இருட்டா கெடக்கு. புள்ள எவ்வளவு நேரம் அந்தக் கறுப்பையே பாத்துட்டு உக்காந்திருந்தா தெரியுமா? பப்பா வரலன்னுட்டுப் போயிட்டா."

சாஜன் பாய்ந்து மடிக்கணினியைத் திறந்தான். கேமரா அந்த மூடிக்குள்தான் இருந்தது.

"அவளைக் கூப்பிடு ஷைனி! கத்திக் கூப்பிடு!"

"பக்கத்து வீட்டு ஜோபிச்சாயன் வண்டியில சர்ச் பெருநாளுக்குக் கெளம்பியாச்சு." ஷைனி அவனை வெறித்தாள். "கத்தினா உன் மகளுக்குக் கேக்கும்னு இன்னும் நெனச்சிட்டிருக்கியா?"

பிறந்ததிலிருந்தே எவ்லினுக்குக் காது கேட்காது. விரல்களால்தான் பேசுவாள். அதை ஷைனி கற்றுக்கொண்டாள், அவள் அம்மா கற்றுக்கொண்டாள், பக்கத்து வீட்டுப் பிள்ளைகள்கூடக் கற்றுக்கொண்டார்கள். சாஜன் மட்டும் சிரித்துக் கையசைப்பதோடு நிறுத்திக்கொண்டான். வேலை கொஞ்சம் குறையட்டும் என்பான். அந்தச் சண்டைதான் வளர்ந்து வளர்ந்து இருவரையும் குடும்ப நீதிமன்றத்தில் கொண்டுபோய் விட்டது.

சாஜன் இரண்டு கைகளையும் நெஞ்சுக்கு நேரே தூக்கி, மகளுக்குச் சொன்னதையெல்லாம் முதலிலிருந்து விரல்களால் சொன்னான்.

ஷைனி அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். படகு வரைக்கும் பார்த்தாள்.

"எப்போ கத்துக்கிட்ட?" என்றாள். குரல் இறங்கியிருந்தது.

விவாகரத்துத் தீர்ப்பு வந்த மறுநாளே சைகைமொழி வகுப்பில் போய்ச் சேர்ந்ததை அவன் சொல்லவில்லை.